கொல்லிமலையில் ஒரு டீசல் தூறல்

நாற்பது வயதான என்னை இந்த மலையில் 'கண்ணு' என்று கூப்பிடுகிறார்கள். நரைத்த மீசையும் எண்ணெய்க் கறை படிந்த காற்சட்டையுமாக நிற்கிற ஒருவனிடம், வழியில் போகிற பெண்கள் "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வராதா? எனக்கு ஒரு மாதம் முழுவதும் வந்தது. ஆனால் சென்ற கிழமை சிரித்த சிரிப்புக்கு அதெல்லாம் உறை போடக் காணாது.

நான் இங்கே வந்தது ஒரு டீசல் எஞ்சினை ஓட்டுவதற்கு. அடிவாரத்து விவசாயி நாச்சிமுத்து, தம் நிலத்தில் பாதியை விற்று மலைமேல் காப்பித் தோட்டம் போட்டிருக்கிறார். பழத்தின் தோலுரிக்கும் மெஷினை இந்த எஞ்சின்தான் சுற்றவேண்டும். மலைக்கு இன்னும் ரோடு வரவில்லை. எஞ்சினைக் கழற்றி, இந்த மலையின் எடப்புளி நாட்டு ஆட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். பெரிய சக்கரத்தைத் தூக்கியவர்களில் ஒருவர் பெரியண்ணன். தினையும் மிளகும் விளைவிக்கிறவர். தோளில் காய்ப்பு விழுந்த நாளிலிருந்து எஞ்சினில் தமக்கும் ஒரு பங்கு உண்டென்று நினைப்பவர்.

முதல் அறுவடை. பழம் குவியலாகக் கிடக்கிறது. அன்றே உரிக்காவிட்டால் புளித்துக் கெட்டுவிடும். காலை எட்டு மணிக்கு எஞ்சின் கரும்புகை கக்கி, இருமி, நின்றுபோயிற்று. நாச்சிமுத்து பழக்குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு நோய் விளங்கியது. எஞ்சினுக்குள் எண்ணெயைப் பனிபோலப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் நுனித்துளையில் கரி அடைத்திருக்கிறது. ஊரில் நான் வேலை பார்த்த அரிசி ஆலையில் இதற்கென்றே கண்ணாடி போட்ட மேசை இருந்தது. ஒரு தூசி பட்டாலும் பெரிய மெக்கானிக் கத்துவார். இங்கே ஒரு வாழையிலையை விரித்து, இன்ஜெக்டரைக் கழற்றி வைத்தேன். கழுவ வேண்டுமே!

"மண்ணெண்ணெய் கொண்டு வாங்கோ, கெதியா!" என்று பெரியண்ணனிடம் கத்தினேன்.

"கெதியா? யாருக்குங்க என்ன கெதி வந்துச்சு?" என்று பதறினார். சீக்கிரம் என்பதற்குக் கையைக் காட்டி விரட்டினேன். ஓடினார்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவரின் ஒரு கையில் ஈரமண் உருண்டை, மறு கையில் ஆமணக்கெண்ணெய்ச் சட்டி. "மண்ணுங்க, எண்ணெய்ங்க. ரண்டையும் கலக்கோணுங்களா?"

தூசியே ஆகாத பொருளுக்கு மண்! கோபப்படத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வெடித்துவிட்டது. விளக்கை ஏற்றுவதுபோல் கையால் காட்டினேன்.

"அட, சீமெண்ணெய்ங்களா! அப்படிச் சொல்லக்கூடாதுங்களா சாமி?" வீட்டுக்கு ஓடி, சிம்னி விளக்கையே தூக்கிக்கொண்டு வந்தார்.

விளக்கின் எண்ணெயில் கழுவினேன். பித்தளைப் பிரஷிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கி, மூச்சை அடக்கித் துளையைக் குத்தினேன். இன்ஜெக்டரை வெளியே வைத்தபடி குழாயில் மாட்டி, எஞ்சினின் டீசல் பம்பைக் கையால் அடித்தேன். எண்ணெய் ஒரு பக்கமாய் ஒழுகியது. மறுபடி கழற்றி, மறுபடி குத்தி, மறுபடி கழுவினேன். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

"கையை நீட்டாதேங்கோ, தோலைத் துளைச்சுப்போடும்!" என்று எச்சரித்துப் பம்பை அடித்தேன். 'கிரீச்' என்றது. வெள்ளை வெளேரென்று ஒரு விசிறி விரிந்தது.

"பனி வருதுங்கோவ்! இரும்புலருந்து பனி வருது!" என்று பெரியண்ணன் குதித்தார். நானும் குதித்தேன். வேண்டாத வேலை, இன்னும் நாலு தரம் அடித்துக் காட்டினேன். பழம் பறித்த பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

மாட்டி முறுக்கியதும், கைப்பிடியை நானும் பெரியண்ணனும் சேர்ந்து சுற்றினோம். எஞ்சின் தும்மியது, பிறகு 'டக் டக்' என்று பிடித்துக்கொண்டது. சிவந்த பழங்கள் தோலுரிந்து வழுவழுவென்று விழத் தொடங்கின. கண்டிப்பான நாச்சிமுத்து பழக்குவியலின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். வேட்டியெல்லாம் சிவப்பு.

"ஏனுங்க, பொழுது சாயற வரைக்கும் ஓடுமுங்களா?" என்று கேட்டார்.

"ஓமுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான், நம் 'ஓம்' இவர்களின் 'ங்க'வோடு ஒட்டிக்கொண்டு என் வாயில் வந்தது என் காதில் விழுந்தது. உங்களுக்கும் அது விளங்கும், இவர்களுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அங்கேயும் சரி, இங்கேயும் சரி, யாரும் அப்படிச் சொல்வதில்லை.