முழுக்கைக்குப் பொத்தான் வைத்த அத்தை

என் அப்பாவோடு சேர்த்துப் பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவள்தான் கடல் கடந்து போய்க் கன்னியாஸ்திரிகளுக்கு ஒரு சபையைத் தொடங்கிய அத்தை. அடுத்து என் அப்பா, பிறகு பஸ் ஓட்டிய சித்தப்பா, கடைசியில் வாயாடி அத்தை. தாத்தாவுக்குத் தையற்கடை. மூத்தவள் பத்து வயதிலேயே சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்தவள். மடத்துக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது எல்லாரும் அழுதார்களாம். வாயாடி மட்டும், "அக்கா, உன் கட்டில் எனக்குத்தானே?" என்றாளாம்.

மடத்தார் அவளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அது பெரிய பள்ளிக்கூட மடம். அத்தைக்கு வேலை துணி அறையில். எதிர்க் கட்டிடத்து மூன்றாம் மாடியில், செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கிழவி ஒருத்தி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அத்தை அனுமதி கேட்டுப் போய் அவளைக் குளிப்பாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூப்பிட்டார்கள். நான்கு வருடத்தில் வீடுகள் இருபதாகிவிட்டன.

மடத்துத் தலைவி கூப்பிட்டுச் சொன்னாராம்: "இது நம்ம சபையோட வேலை இல்லம்மா. ஆனா யாராவது செஞ்சுதான் ஆகணும். நீ தனியா தொடங்கு."

அதே தெருவில், ரொட்டிக்கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்தாள். அத்தையோடு சேர எட்டுப் பெண்கள் வந்தார்கள். அந்த ஊர் ஆயர், அதாவது பிஷப், மூன்று வருடம் தவணை கொடுத்தார். அதற்குள் அவர் ஒப்புதல் தராவிட்டால் ஒன்பது பேரும் கலைந்து போக வேண்டியதுதான்.

ஆயர் கேட்ட எல்லாவற்றுக்கும் அத்தை தலையாட்டினாள், ஒன்றைத் தவிர. அங்கியின் கை மணிக்கட்டு வரை வரவேண்டும் என்றார் அவர். அத்தை முழங்கையோடு நிறுத்தித் தைத்திருந்தாள். முழுக்கையோடு முதுகு தேய்த்தால் சோப்புத் தண்ணீர் அக்குள் வரை ஏறும். யோசித்தாள். முழங்கைக்குக் கீழே வரும் பாகத்தைத் தனியாகத் தைத்து, நான்கு பொத்தான் வைத்துவிட்டாள். கோயிலில் மாட்டிக்கொள்ளலாம், வேலைக்குக் கழற்றிவிடலாம்.

தையற்காரன் மகள் என்ற திமிரில் ஒரு தப்புப் பண்ணினாள். எந்தக் கை யாருடையது என்று அடையாளமே போடவில்லை. பார்த்த பார்வையில் அவளுக்குத் தெரியும். அவளே எடுத்துக் கொடுப்பாள்.

தவணை முடிகிற நாளில் ஆயர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார். அத்தை எதிர்க் கட்டிடத்தில் கிழவிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பதறிப்போய்க் கொடியில் கிடந்த கைகளை உருவி, அகப்பட்டதை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தகவல் கேட்டு அத்தை நுரையோடு ஓடி வந்தாள்.

"என்ன மதர் இது?" என்றார் ஆயர். "நெட்டைச் சிஸ்டருக்குக் கை பாதியில நிக்குது. இந்தக் குட்டைச் சிஸ்டருக்கு விரலையே காணோம். உங்களுக்குக் கையே இல்ல!"

"மாறிப் போச்சு, ஆண்டவரே." ஆயரை அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"தினமும் போடுறீங்களா, இல்ல எனக்காகவா?"

குட்டைச் சிஸ்டருக்குப் பொய் வராது. "கோயில்ல மட்டும், ஆண்டவரே. மத்த நேரம் கொடியிலதான் கிடக்கும்."

கூட வந்த செயலர் சாமியார் குறிப்பேட்டைத் திறந்தார். எல்லாம் போச்சு என்று அத்தைக்குத் தோன்றியதாம். அதோடு இன்னொன்றும் தோன்றியது.

"ஆண்டவரே, எதிர்ல ஒருத்தி சோப்போட உட்கார்ந்திருக்கா. தண்ணி ஆறிடும். நீங்க எழுத வேண்டியதை எழுதுங்க. நான் ஊத்திட்டு வந்துடுறேன்."

ஆயரை உட்கார வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள்! கிழவிக்குத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, தலை சீவி, போர்த்திவிட்டுத்தான் திரும்பினாள். "என்னடி, முகமே சரியில்ல?" என்று கிழவி கேட்டதற்கு, "வீட்டுக்கு விருந்தாளி" என்றாளாம்.

வந்து பார்த்தால் எட்டுப் பேரும் கழற்றிய பதினாறு கைகளும் மேசைமேல் கிடக்கின்றன. ஆயரும் செயலர் சாமியாரும் நீளம் வைத்துப் பார்த்து ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வாங்க மதர். ஏழு ஜோடி சரியா வந்துடுச்சு. இந்த ஒண்ணுதான் இடிக்குது."

"ரெண்டும் இடது கை, ஆண்டவரே. இதோ, இந்த ஜோடியில ரெண்டும் வலது கை. ஒண்ணுக்கொண்ணு மாத்தணும்."

ஆயர் மாற்றி வைத்துப் பார்த்தார். "ஃபாதர், எழுதிக்கோங்க. கோயிலுக்கு முழுக்கை, வேலைக்கு முழங்கை."

அந்த மேசையிலேயே கைகளை ஒதுக்கிவிட்டு ஒப்புதல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அதை நீட்டினார். அத்தை விரல்களில் ஈரம். மை கலைந்துவிடும் என்று வாங்கப் பயந்து அங்கியில் துடைத்துக்கொண்டே நின்றாளாம், துடைத்து முடியவே இல்லையாம்.