ஷீலா மேமின் சாம்பிள் பொட்டலங்கள்

பொட்டலத்தை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்த பிறகுதான் ஷீலா அதன்மேல் விலாசம் ஒட்டுகிறாள். உள்ளே இருப்பது நெளி அட்டை, மூங்கில் சிம்பு, உப்புத்தாள், சணல் துண்டு. முகர்வதற்கு எதுவுமில்லை. ஆனாலும் முகர்கிறாள்.

போடிநாயக்கனூரில் அண்ணன் ஜோசுவாவின் ஏலக்காய்க் கடைக்கு மேல்மாடிதான் அவள் வகுப்பறை. கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் வடிவமைப்பு மாணவர்களுக்கு அங்கிருந்து ஆன்லைனில் பாடம். கைவேலை தெரியவேண்டும் என்று செல்போனைக் கூரைக் கொக்கியில் தலைகீழாகக் கட்டியிருக்கிறாள். "பிள்ளைகளுக்கு என் மூஞ்சி மறந்துபோச்சு. வகிட்டை வச்சுத்தான் அடையாளம் கண்டுக்கிறாங்க" என்பாள்.

நேரில் என்றால், மாணவர் செய்த பெட்டியின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். திரையில் எல்லாப் பெட்டியும் அழகு. எது நிற்கும், எது சாயும் என்று தெரியாமலே மதிப்பெண் போட்டாள். தொடாமல் தெரிந்துகொண்டதைத் தெரிந்ததாகச் சொல்லலாமா என்ற சந்தேகம் அவளை அரித்தது. வழி கீழ்க்கடையில் இருந்தது. அண்ணன் வெளியூர் வியாபாரிகளிடம் போனில்தான் விலை பேசுவார். அதற்கு முன்பே ஒரு பிடி காய் அவர்கள் கைக்குப் போயிருக்கும். அவளும் மாணவர்களுக்குச் சாம்பிள் அனுப்பத் தொடங்கினாள். அதே காக்கி உறை, அதே கூரியர்.

சென்ற பருவத்தில் ஒருநாள் கல்லூரி முதல்வரும் வகுப்பில் சேர்ந்துகொண்டார். கைவேலை திரையில் எடுபடாவிட்டால் அந்தப் பாடத்தையே நீக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கும் ஒரு பொட்டலம் போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பிரித்து, அட்டையின் நெளிவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தடவிச் சொல்லச் சொன்னாள் ஷீலா. எல்லாரும் உறைக்குள் கைவிட்டுத் தடவினார்கள். கடைசியில் முத்துப்பிரியா என்ற மாணவி மெதுவாகச் சொன்னாள்: "மேம், இது உருண்டையா இருக்கு. பாயச வாசம் அடிக்குது."

அதே நேரம் அண்ணன் மாடியேறி வந்தார். "ஆத்தா, விருதுநகர் முதலாளி போன்ல இருக்காரு. சாம்பிளு உப்புத்தாளா வந்திருக்காம். கிலோ என்ன வெலைன்னு கேக்குறாரு."

மைக் திறந்தே இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பவள், தன் கையிலிருந்ததைத் தொட்டுப் பார்க்காமல், கடைப் பொட்டலங்களுக்கும் வகுப்புப் பொட்டலங்களுக்கும் விலாசத்தை மாற்றி ஒட்டியிருந்தாள்.

வேறு வழி தோன்றவில்லை. பழைய செய்தித்தாளில், பசையில்லாமல், அந்தக் காய்களை மடித்துக் கட்டச் சொன்னாள். போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஜீப்பில் குலுங்கி இறங்கினாலும் ஒரு காய் சிந்தக்கூடாது. முடித்ததும் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டுப் பார்க்கவேண்டும். பிறகு திரையில் முகங்களே இல்லை. வீடுவீடாகப் பொட்டலம் விழும் சத்தம்தான். சிதறவிட்டவர்கள், யாரும் சொல்லாமலே மறுபடி மடித்தார்கள். முதல்வரின் நாற்காலியும் காலியாக இருந்தது. மேசைக்கடியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பாடம் இன்னொரு பருவத்துக்குத் தப்பியது. யாராவது பாராட்டினால், "பாஸானது நானா ஏலக்காயான்னு எனக்கே இன்னும் வெளங்கல" என்கிறாள்.

இந்தப் பருவத்துப் பொட்டலங்களை முகர்ந்து ஒட்டிக்கொண்டே வந்தவள், முதல்வரின் பெயர் வந்ததும் நின்றாள். மறுபடி முகர்ந்தாள். உள்ளே அட்டைதான், ஆனால் அந்தக் கடை மாடியில் வெறும் காகிதம்கூட லேசாக ஏலம் மணக்கும். உறையைப் பிரித்து, துண்டுகளை ஜன்னல் திட்டில் காற்றுப்படப் பரப்பி வைத்தாள்.