முள்ளுக்குள் நாலு வெள்ளைச் செடி

முதுகலை ஆய்வுக்காக எண்ணூர் முகத்துவாரத்து மணலில் கயிறு கட்டி நித்தியகல்யாணிச் செடிகளை எண்ணினேன். பூத்திருந்தவை நூறு. அதில் ரோஸ் தொண்ணூற்றாறு, வெள்ளை நாலு. தாய்ச் செடி, தந்தைச் செடி இரண்டிடமிருந்தும் வெள்ளைக்கான மரபணு வந்தால்தான் வெள்ளை பூக்கும். அதனால் வெள்ளைச் செடிகளின் பங்கான 0.04-க்கு வர்க்கமூலம் எடுத்தேன். அந்த மரபணுவின் விகிதம் 0.2 என்று வந்தது. பூவே இல்லாத ஐம்பது செடிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. எண்ணூர் என்றாலே எனக்கு அனல்மின் நிலையச் சாம்பல்தான் குற்றவாளி. 'சாம்பல் காற்று வெள்ளையை அழிக்கிறது' என்று எழுதிப் பேராசிரியருக்கும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை சரிபார்க்கப் போனேன். முந்தைய நாள் கயிறு கட்டும்போது நான் வெளியே விரட்டிய மீன்கார அக்கா, கையில் பையோடு நின்றிருந்தார்.

"இன்னாம்மா, மொட்டைச் செடிய எண்ண மாட்டியா?"

"பூ இல்லையேக்கா. என்ன நிறம்னு எப்படித் தெரியும்?"

"தண்டப் பாரு. பச்சையா கீதா, அது வெள்ளை. ரோஸுக்கு தண்டு செவந்து கீது. வெள்ளையெல்லாம் தெனம் காலைல புள்ளையாருக்கு நான்தான் பறிச்சுகினு போறேன்."

குனிந்து பார்த்தேன். ஐம்பதும் பச்சைத் தண்டு. ஆக, நூற்றைம்பதில் ஐம்பத்து நாலு வெள்ளை. பங்கு 0.36, அதன் வர்க்கமூலமான மரபணு விகிதம் 0.6.

"அப்ப இந்த நாலு செடி?"

"அது முள்ளுக்குள்ள கீது. கை எட்டல."

அன்றே பேராசிரியருக்குத் திருத்தம் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. முதல் நாள் அக்காவை விரட்டும்போதே அந்தப் பை நிறைய வெள்ளைப் பூ இருந்தது. அதை நான் பார்த்தேன்.