டீச்சர் பயந்த காட்சி

மேற்குப் பக்கத்துக் கதவு திறக்கும் இடம் வந்தால் டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நகம் பதிகிற பிடி. அந்தக் காட்சியை நாங்கள் ஒன்பது பத்துத் தடவையாவது பார்த்திருப்போம். கதவுக்குப் பின்னால் வெறும் காலி அறைதான் என்பது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனாலும் டீச்சர் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை பார்ப்பது போலவே பயந்தார்.

"இவங்கதான் உண்மையான ரசிகை" என்பார் மிஸ்ஸி. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

எண்பதுகளின் கடைசி அது. பினாங்கு பீச் ஸ்திரீட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்குக் கிளம்பி, பஸ் பிடித்து, புலாவ் தீக்குஸில் மிஸ்ஸியின் வீட்டுக்குப் போய்விடுவேன். மிஸ்ஸி பிரசவ வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நர்ஸை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்போம்; ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவர் மிஸ்ஸிதான்.

அந்த ஆங்கிலத் தொடர் நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது டிவியில் கொஞ்ச காலம் ஓடியது. கருப்பு வெள்ளை. கடலோரப் பாறைமேல் ஒரு பழைய மாளிகை. மாளிகைக்காரர் இரண்டாம் தாரமாக ஓர் இளம்பெண்ணைக் கட்டிக்கொண்டு வருவார். முதல் மனைவி செத்துப்போனாள் என்பார். ஆனால் பூட்டிக் கிடக்கும் மேற்குப் பக்கத்திலிருந்து மணிச் சத்தம் கேட்கும். புது மனைவி வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்காது. அவள் வாய் திறந்தால், "உனக்கு உடம்பு சரியில்லை, இதைக் குடி" என்று மருந்துக் கோப்பையை நீட்டுவார். கதை முடியும் முன்பே இங்கே டிவியில் நிறுத்திவிட்டார்கள். அந்த ஏக்கம் எனக்குப் பல வருஷம் இருந்தது.

கனடாவில் இருந்த மிஸ்ஸியின் தங்கை, அங்கே மறுபடி போட்டபோது வீடியோவில் பதிந்து அனுப்பினார். அந்த ஊர் டேப் நம் ஊர் டெக்கில் ஓடாது. இரண்டு விதமும் ஓடுகிற டெக் ஒன்றைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தார் மிஸ்ஸி. கண்ணாடி அலமாரியில் டேப்புகள் வரிசையாக நின்றன. ஐந்தாறு பாகம் மட்டும் இல்லை.

நாங்கள் நான்கு பேர். நான், மிஸ்ஸி, பக்கத்துத் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவரின் மனைவியான ஒரு முஸ்லிம் அக்கா, அப்புறம் டீச்சர். அக்கா வரும்போது உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப் கொண்டுவருவார். மதிய வெயில் திரையில் விழாமலிருக்கத் தடித்த திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, இரண்டு மணிக்கு ஆரம்பிப்போம். நடிகர் வசனம் மறந்து பக்கவாட்டில் கண்ணை ஓட்டும் இடம், சுவர் ஆடும் இடம், மைக்கின் நிழல் நெற்றியில் விழும் இடம் எல்லாம் எங்களுக்குத் தெரியும். இல்லாத பாகங்களில் என்ன நடந்திருக்கும் என்று டேப்பை நிறுத்தி வைத்துச் சண்டை போடுவோம். முதல் மனைவி உயிரோடுதான் இருக்கிறாள் என்பது அக்காவின் கட்சி. புருஷனே கொன்றுவிட்டான் என்பது மிஸ்ஸியுடையது.

டீச்சர் சண்டைக்கு வரமாட்டார். ஆங்கிலப் பாடம் எடுத்தவர். ஓய்வு வயதான ஐம்பத்தைந்து ஆகும் முன்பே வேலையை விட்டுவிட்டார். கேட்டால் உடம்புக்கு முடியவில்லை என்பார். பிள்ளைகள் இல்லை. கோயிலில் பழக்கமாகி, மிஸ்ஸிதான் கூட்டி வந்தார். சில நேரம் பாதியில், "கொஞ்சம் பின்னால ஓட்டுங்கோ, நான் இதைப் பார்க்கேல்லை" என்பார். மிஸ்ஸி சிரித்துக்கொண்டே ஓட்டுவார்.

சரியாக ஐந்து மணிக்கு அவர் கணவர் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், மழையோ வெயிலோ கையில் கறுப்புக் குடை. உள்ளே வாங்க என்றால் வரமாட்டார். டீச்சர் வெளியே வந்ததும் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடத்திப்போவார்.

"அந்தாளு பார்வையே சரியில்ல லா" என்று அக்காதான் முதலில் சொன்னார்.

அதன் பிறகு எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை டீச்சரின் கையில் நீலம் பாரித்திருந்தது. எப்படி என்று கேட்டதற்கு, "தெரியேல்லையே" என்றார். இன்னொரு நாள், "வீட்டுக் கதவை வெளியால பூட்டுறார்" என்றார் சாதாரணமாக. "என்ர சாமானெல்லாம் எடுத்து ஒளிச்சு வைக்கிறார். காப்பு காணேல்லை. கேட்டால் நான்தான் வச்சனாம்." திரையில் மாளிகைக்காரர் கோப்பையை நீட்டியபோது அவர் மெல்ல, "எனக்கும் ஏதோ மாத்திரை தாறார்" என்றார்.

மிஸ்ஸி டேப்பை நிறுத்தினார். திரையில் அந்த மனிதரின் கை கோப்பையோடு அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றது.

அடுத்த வாரம் டீச்சர் குளியலறைக்குப் போன நேரத்தில் அவர் கைப்பை கவிழ்ந்து ஒரு சீட்டு விழுந்தது. எடுத்து வைக்கப் போன நான் படித்துவிட்டேன். ஆண் கையெழுத்து. "இன்று சனிக்கிழமை. மிஸ்ஸி வீடு. ஐந்து மணிக்கு நான் வருவேன். வேறு யாரோடும் எங்கும் போகாதே." நான் அதை அக்காவிடமும் மிஸ்ஸியிடமும் காட்டினேன். பயத்தோடு வேறு ஒன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருஷம் திரையில் பார்த்தது நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது என்கிற கிளர்ச்சி.

"நேரா அவர்கிட்டயே கேட்டுடலாமா?" என்றேன்.

"கேட்கவே கூடாது" என்றார் மிஸ்ஸி. "கேட்டா உஷாராயிடுவார்."

தொடரில் மாளிகைக்காரரிடம் நேராகக் கேட்டவர்கள் எல்லாம் அடுத்த வாரமே காணாமல் போனார்கள். அதை நினைத்துத்தான் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

டீச்சருக்குக் கடல் தாண்டி அக்கரையில், சுங்கை பாக்காப்பில் ஒரு தங்கை இருந்தார். "அவளிட்டப் போயிட்டா எனக்கு ஒரு பயமும் இல்லை" என்று அடிக்கடி சொல்வார். வீடு எங்கே என்று கேட்டால் தெருவிலிருந்து வேலியில் இருக்கும் செம்பருத்தி வரைக்கும் பிசகாமல் சொன்னார். அடுத்த சனிக்கிழமை நான் அவரை அங்கே கொண்டுபோய் விடுவது, ஐந்து மணிக்குக் கணவர் வந்தால் மிஸ்ஸி சமாளிப்பது என்று முடிவானது. அக்கா ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு சேலையும் பிஸ்கட் டின்னும் வைத்துக் கொடுத்தார்.

ஃபெர்ரியில் வானம் மூட்டமாக இருந்தது. கடல் ஈயம் போல் அசையாமல் கிடந்தது. டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி தூரம் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ எந்த வகுப்பு?"

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

"டீச்சர், நான்தான். மிஸ்ஸி வீட்டுல ஒண்ணா படம் பாப்போமே."

"ஓமோம்" என்றார் மரியாதையாக. வழியில் பார்க்கும் யாரோ ஒருவரிடம் சொல்வது போல.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். பயத்தில் குழம்பியிருக்கிறார், மாத்திரையின் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டர்வொர்த்தில் பஸ் ஏறினோம். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு வந்தன. மூன்று தடவை, எங்கே போகிறோம் என்று கேட்டார். மூன்று தடவையும் சொன்னேன்.

சுங்கை பாக்காப்பில் அவர் சொன்ன தெரு இருந்தது. வீடு இருந்தது. செம்பருத்தி இல்லை. கதவைத் திறந்தது ஒரு சீனப் பெண். தங்கையின் பேரைச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த மளிகைக் கடைக்காரர் எழுந்து வந்தார். டீச்சரைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"டீச்சரம்மா, சௌக்கியமா?" என்றவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யாரத் தேடுறீங்க?"

சொன்னேன்.

"என்னம்மா சொல்றீங்க! அவங்க தவறி ஏழெட்டு வருஷம் ஆச்சே. இந்த டீச்சர்தான் கூடவே இருந்து காரியமெல்லாம் செஞ்சாங்க."

திரும்பிப் பார்த்தேன். டீச்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம். இதோ வந்துவிடுவாள் என்கிற சந்தோஷம்.

கடைக்காரரின் ஃபோனில் மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். கணவர் அங்கே வந்துவிட்டிருந்தார். மிஸ்ஸி அழுதுகொண்டு பேசினார். "நாம பெரிய தப்புப் பண்ணிட்டோம். அவங்களுக்கு ஞாபக மறதி நோய். ரெண்டு வருஷமா. அவங்கள அங்கேயே பிடிச்சு உட்கார வை, நாங்க டாக்சியில வர்றோம்." ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் பை மட்டும் இருந்தது.

கடைக்காரர், அவர் மகன்கள், தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் தேடினார்கள். நான் தோட்டத்து மண் பாதையில் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். செம்பனை மரங்களுக்குக் கீழே மாலை வெளிச்சம் சீக்கிரம் செத்துவிடும். ஒவ்வொரு வரிசையும் ஒரே மாதிரி இருந்தது. எங்கிருந்து வந்தேன் என்பதே எனக்கு ஒரு கட்டத்தில் தெரியவில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

பழம் வெட்டுகிற இரண்டு பேர்தான் கண்டுபிடித்தார்கள். தோட்டத்து வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாராம். தூக்கப் போனபோது, "தங்கச்சி உள்ளுக்கு நிக்கிறாள், கதவைத் திறவுங்கோ" என்றாராம். காலில் பலத்த அடி. உடம்பெல்லாம் நடுங்கியது.

அவர் கணவர் டாக்சியிலிருந்து இறங்கினார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நேராக மனைவியிடம் போய், சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டு, ஈரக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் பக்கம் திரும்பினார்.

"உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டு அவதான் அழுதவ. தெரிஞ்சால் கூட்டத்தில சேர்க்க மாட்டினம் எண்டு பயம். சனிக்கிழமை எண்டால் விடியவே சீலை மாத்திக்கொண்டு இருப்பா." அவர் குரலில் கோபமே இல்லை. "நான் சொல்லியிருக்கோணும். பிழை என்னிலதான்."

முழங்கைக்கு மேலே அவர் ஏன் பிடித்து நடத்தினார், ஏன் கதவைப் பூட்டினார், அந்தச் சீட்டை ஏன் எழுதினார் என்பதெல்லாம் அங்கே நின்றபடியே எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. டீச்சர் ஒவ்வொரு வாரமும் ஏன் அப்படிப் பயந்தார் என்பதும்.

டீச்சர் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதன் பிறகு நடக்கவில்லை. முன்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த நினைவு அந்த ஒரு நாளோடு மொத்தமாகச் சரிந்துவிட்டது. மிஸ்ஸி தினமும் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருவார். "முப்பது வருஷம் நர்ஸு. என் வீட்டு சோபாவுல உட்கார்ந்திருந்தவங்களோட நோய் எனக்குத் தெரியலையே" என்று ஒரு முறை சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கா சாப்பாடு கொடுத்தனுப்புவார், உள்ளே போகமாட்டார். டேப்புகளைப் பார்க்க யாரும் கூடவில்லை.

எனக்குத் தைரியம் வர நான்கு மாதம் ஆனது. ஒரு ஞாயிறு காலை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, பொட்டு வைத்து, சுத்தமாக. கணவர் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் அறைக்குள் கால் வைத்ததும் டீச்சர் வாயை மூடிக்கொண்டார். என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு கணவரின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"இவளை உள்ளுக்கு விடாதேங்கோ" என்றார். "இவள் என்னைக் கொண்டுபோயிடுவாள்."

கணவர் பதறி எழுந்து என்னை வாசல்வரை கூட்டி வந்தார். "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. இப்ப ஆரைக் கண்டாலும் அப்பிடித்தான் சொல்லுறா."

நான் அதை நம்பி மிஸ்ஸியிடம் சொன்னேன். மிஸ்ஸி பொய் சொல்லத் தெரியாதவர். என் முகத்தைப் பார்க்காமல், "என்கிட்ட அப்படிச் சொல்றதில்ல" என்றார். "வேற யார்கிட்டயும் சொல்லி நான் கேட்டதில்ல."

டீச்சர் அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். நான் மறுபடி அந்த வீட்டுக்குள் போகவில்லை.