கராஜில் நான் விழுந்தது கேஸால், குடியால் அல்ல

பாலா அண்ணை செத்துப்போனார். நேற்றுக் காலை... ஹார்ட் அட்டாக்.

டிப்போ வாட்ஸ்அப் குரூப்பில் "நல்ல மனுசன்", "எல்லாரையும் சிரிக்க வைப்பார்" என்று ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் அங்கே ஒன்றும் போடவில்லை. இங்கே என் பக்கத்தில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஸ்ட்ரெதம் பக்கம் ஒரே டிப்போவில் நானும் அவரும் பதினாறு வருடம் பஸ் ஓட்டினோம். என்னைவிட ஏழு வயது மூத்தவர். கன்ரீனில் அவர் கதை சொல்லத் தொடங்கினால் தேநீர் ஆறிப்போகும், ஒருவரும் எழும்ப மாட்டார்கள்.

அவர் அதிகம் சொன்ன கதை என்னுடையது.

வீட்டில் பியர் காய்ச்சுவது என் ஹொபி. பின்வளவுக் கராஜில் ஐம்பது லிட்டர் ஸ்டீல் பானை, அதன் கீழே புரொப்பேன் கேஸ் அடுப்பு. கராஜை நன்றாகத் திறந்து வைத்துத்தான் அதை எரிக்க வேண்டும். எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பெப்ரவரி சனிக்கிழமை மழை சாய்வாக உள்ளே அடித்தது... ஷட்டரைப் பாதி இறக்கினேன். பிறகு முழுவதும் இறக்கினேன்.

முதலில் தலையிடி. பிறகு கால்கள் வேறு யாருடையவோ போல... விழுந்துவிட்டேன்.

ஷிப்ட் மாற்ற முடியுமா என்று கேட்க வந்த பாலா அண்ணைதான் ஷட்டரைத் தூக்கி, அடுப்பை நிறுத்தி, என்னை வெளியே இழுத்துப் போட்டார். கார்பன் மொனொக்சைட். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் முடிந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

உயிர் தந்த மனிதர். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கன்ரீனில் கதை வேறு மாதிரி வந்தது. "சிறி தான் காய்ச்சினதைத் தானே குடிச்சுப்போட்டு பானைக்குப் பக்கத்திலை மல்லாக்கக் கிடந்தான். நான் போகாட்டி அண்டைக்கே ஆள் சரி."

அன்று நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. பானையில் இருந்தது பியரே இல்லை, முளைகட்டிய பார்லி மோல்ட் கரைந்த இனிப்புத் தண்ணீர். ஈஸ்ட் போட்டு இரண்டு கிழமை போனால்தான் அது பியர்.

ஒருநாள் நேரே கேட்டேன். "ஏன் அண்ணை பொய் சொல்லுறியள்?"

"டேய், கதைக்குக் கொஞ்சம் உப்புப் புளி வேண்டாமோ?"

சரி, கன்ரீன்தானே என்று விட்டேன். பிறகு ஹரோவில் என் மகளின் நிச்சயதார்த்தம். நெற்றி நிறைய விபூதியோடு சம்பந்தி... அவருக்குப் பக்கத்துக் கதிரையில் பாலா அண்ணை. நான் சாப்பாட்டு மேசையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது மல்லாக்கக் கிடந்த இடம் வரைக்கும் கதை போய்விட்டது.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தி, "ஓ... அப்பிடியே?" என்றார். அவ்வளவுதான்.

கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தாலும் சம்பந்தி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அதற்குப் பிறகுதான் கேஸைத் தூக்கி எறிந்து கரண்டுக்கு மாறினேன். பாதுகாப்புக்காக என்று மனைவியிடம் சொன்னேன். பொய். இனி என்னைக் காப்பாற்ற அந்த மனிதருக்கு ஒரு சந்தர்ப்பமே கிடைக்கக்கூடாது என்ற வெறி.

எலெக்ட்ரீஷியன் ஒருவர் மெயின் போர்டில் இருந்து கராஜுக்குத் தனியாகத் தடித்த கேபிள் இழுத்து, ட்ரிப் சுவிட்சும் வைத்துத் தந்தார். ஹீட்டர் பூட்டுவதற்குப் பானையில் துளை போட்டது நான். ஸ்டீல் லேசில் விடவில்லை, இரண்டு ட்ரில் பிட் முறிந்தன. துளை விழும்வரை அவருடைய சிரிப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒழுகியது. வாஷர் மாற்றினேன், நின்றது. ஆவி போகச் சுவரில் ஒரு ஃபேன்.

கேள்விப்பட்டு அவர் கன்ரீனில் சொன்னாராம்: "சிறி இப்ப பெரிய தேத்தண்ணிக் கேத்தில் ஒண்டு வைச்சிருக்கிறான். பியரோ, பிளேன்ரீயோ தெரியேல்லை."

முதல் முறை கரண்டில் காய்ச்சிய ஞாயிற்றுக்கிழமை டிப்போ ஆட்கள் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவரை மட்டும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றே.

பானை அழகாகக் கொதித்தது. கேஸ் அடுப்பின் இரைச்சல் இல்லை, குமிழ் உடைகிற சத்தம் மட்டும்தான்.

கூப்பிடாமலே அவர் வந்தார். எல்லாரும் சாப்பிட, கையில் ஒரு பை ரோல்ஸ். நான் கேற்றைத் திறக்கவில்லை.

"இண்டைக்குக் கேஸ் இல்லை அண்ணை. ஒருத்தரும் சாகமாட்டினம். நீங்கள் போகலாம்."

அவர் சிரிக்கவில்லை. "ஓமடாப்பா," என்றார். பையை மதிலில் வைத்துவிட்டுப் போனார். அதை ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் நரி வந்து இழுத்துக்கொண்டு போனது.

பிறகு அவர் சாகும்வரை, பத்து மாதம் நாங்கள் பேசவில்லை. அந்தக் கதையை அவர் சொல்வதை நிறுத்திவிட்டார் என்று கேள்வி. எனக்கு அது போதவில்லை...

ஆகவே, அவர் எந்தக் கன்ரீனிலும் சொல்லாத பகுதியை இன்று நான் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை கராஜுக்கு வெளியே ஈரப் புல்லில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் அழுதார். சாதாரண அழுகை இல்லை, குழறி அழுதார். நான் அரை மயக்கத்தில் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

"டேய் சிறி, கண்ணைத் திறவடா. நீ இல்லாமல் அந்த டிப்போவிலை நான் ஆரோடையடா கதைக்கிறது?"

அம்புலன்ஸ் வந்ததும் முகத்தை என் ஏப்ரனில் துடைத்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது காதுக்குக் கிட்ட வந்து, "நான் அழுதது ஒருத்தருக்கும் சொல்லாதை, என்ன," என்றார். ஒக்ஸிஜன் மாஸ்க்கோடு தலையாட்டினேன்.

ஆறு வருடம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். நிச்சயதார்த்த வீட்டில் வாய்வரை வந்தது... அன்றும் காப்பாற்றினேன்.

இனி இல்லை. டிப்போ முழுக்க வாசிக்கட்டும். பகிர விரும்புபவர்கள் பகிரலாம்.

செவ்வாய்க்கிழமை கிரியை. கோபத்தோடுதான் வருவேன்.

போய் வாங்கோ அண்ணை.