வாசிப்போர் பதிவேட்டில் ஒரு ஞாயிறு

ஆலய வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகையின் இடது ஓரம் பதினோரு ஆண்டுகளாக லிப்ட் மெக்கானிக்கின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சனிக்கிழமை மாலை வருவார். நான்கு குண்டூசிகளால் ஒரு தாளைக் குத்துவார். அதன் கார்பன் பிரதியை மடிப்புக் கலையாமல் பைலில் வைப்பார். ‘வேதமும் இந்த வாரமும்’ என்ற தலைப்பு ஒருபோதும் மாறியதில்லை. மறுநாள் வாசிக்கப்படும் வேதபகுதியை, அந்த வாரம் ஊரை வாட்டிய தொல்லை ஒன்றோடு முடிச்சுப் போடுவது அவர் வழக்கம். குழாய் வறண்ட வாரத்தில் தண்ணீர் சுரந்த மோசேயின் கன்மலை வந்தது. காய்ச்சல் பரவிய வாரத்தில் இயேசு குணமாக்கிய பேதுருவின் மாமியார் வந்தார். ‘குணமானதும் அந்த அம்மாள் எழுந்து பந்தி விசாரித்தார் என்று எழுதியிருக்கிறது, நம் வீட்டு அம்மாக்களுக்கு இரண்டு நாளாவது ஓய்வு கொடுங்கள்’ என்று முடித்திருந்தார்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். மின்சுற்று வரைபடத்தையும் வேதத்தையும் தாமாகவே, ஒரே முறையில் கற்றார்: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எங்கே அறுந்திருக்கிறது.

மழைக்காலத்தில் நோவாவின் முறை வந்தபோது, ‘பேழைக்கு உள்ளும் புறம்பும் தண்ணீர் புகாதபடி கீல் பூசிய மனிதர் ஒருவர் இந்தச் சபையின் கூரைக்கும் தேவைப்படுகிறார்’ என்று எழுதினார். சபை சிரித்தது, சபைச் செயலாளர் சிரிக்கவில்லை. கூரை அவர் பொறுப்பு. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மருத்துவமனையின் பராமரிப்பு மேலாளரும் அவரே; மெக்கானிக் அவருக்குக் கீழே பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்ப்பவர்.

அந்த மருத்துவமனையின் இரண்டாம் எண் லிப்டில் பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் மூன்று கடிதங்கள் எழுதினார். மேலாளர் மூன்றையும் மேசையில் வாங்கிப் போட்டுக்கொண்டார். பெற்றுக்கொண்டதாக ஒன்றில்கூடக் கையெழுத்திடவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, மூன்றாம் மாடியிலிருந்து லிப்ட் வழுக்கியது. உள்ளே இருந்த வார்டு ஆயாவின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விசாரணை தொடங்கியபோது, பராமரிப்புக் கோப்பில் எவரும் அதுவரை பார்த்திராத ஒரு தாள் இருந்தது. விபத்துக்கு முந்தின நாள் மெக்கானிக் பிரேக்கைச் சோதித்து, ‘குறையில்லை’ என்று எழுதியதாக அது சொன்னது. கீழே அவருடைய சுருக்கொப்பம், அச்சு அசலாக. அதற்கும் கீழே, ‘நேரில் பார்த்தேன்’ என்று மேலாளரின் முழுக் கையொப்பம்.

மெக்கானிக் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். அவர் நீட்டிய கடித நகல்களை விசாரணை அதிகாரி, வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி, புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நகல் யார் வேணும்னாலும் இன்னைக்கு உக்காந்து எழுதலாமே. வேற ஏதாவது இருக்கா? அடுத்த மாசம் முதல் வியாழக்கிழமையோட விசாரணையை முடிக்கிறேன்.”

அன்று மாலை மெக்கானிக் ஆயாவைப் பார்க்கப் போனார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “வாசல்ல தாளு ஒட்டுறியே அண்ணே, என் கால் எலும்பு ஒட்டுறதுக்கு எந்த வசனம்?”

வேலை போனதைவிட அந்தக் கேள்விதான் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வீட்டுக்கு வந்ததும் விசாரணைக் கோப்பின் நகலை மேசையில் பரப்பினார். அவர் மனைவி காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, அந்தத் தாள்ல நேரம் என்ன போட்டிருக்கு?”

“காலை ஒன்பதரை. தினம் அந்த நேரத்துக்குத்தானே பார்ப்பேன்.”

“தினம் சரி. அன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே. ஞாயித்துக்கிழமை உங்களுக்கு மத்தியான டியூட்டி. அன்னைக்குக் காலையில ஆலயத்துல வேதம் வாசிக்கிறது உங்க முறை. நீங்க பேரெல்லாம் தடுக்கித் தடுக்கி வாசிச்சீங்க, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.”

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய்த்தாள் எழுதியவர் பழைய தாள்களைப் பார்த்து நேரத்தை எழுதியிருக்கிறார், கிழமையைப் பார்க்கவில்லை. அதைவிட இனிப்பான சங்கதி ஒன்று உண்டு. ‘நேரில் பார்த்தேன்’ என்றவரும் அந்த ஒன்பதரைக்கு ஆலயத்தின் முன்வரிசையில் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். வாசிப்பவர்கள் தாமதமாக வருகிறார்கள் என்று, வாசிப்போர் பதிவேடு என ஒன்றை ஏற்படுத்தியவரே அவர்தான். வாசித்தவர் பெயர், மேடை ஏறிய நேரம், இறங்கிய நேரம், செயலாளர் கையொப்பம். நான்கு நிமிடத் தாமதத்துக்காக மெக்கானிக்கை ஒருமுறை சபை நடுவே கண்டித்தவரும் அவரே.

“நாளைக்கே போய்ப் பதிவேட்டைக் கேளுங்களேன்” என்றாள் மனைவி.

“பதிவேடு அவர் பீரோவுல. சாவி அவர் இடுப்புல. கேட்டேன்னு தெரிஞ்சா அந்தப் பக்கத்துக்கு இறக்கை முளைச்சிடும். அவராவே எடுத்துட்டு வரணும். அவர் வாயாலேயே வாசிக்கணும். அவர் கையாலேயே எனக்குக் கொடுக்கணும்.”

“பழிவாங்குறது ஆண்டவர் வேலைன்னு எழுதியிருக்கு.”

“எழுதியிருக்கு. ஆவணம் சேர்க்கிறது யார் வேலைன்னு எழுதலையே.”

வேதம் முழுவதிலும் மெக்கானிக்குக்கு மிகவும் பிடித்த இடம் சங்கீதமோ மலைப்பிரசங்கமோ அன்று. எஸ்தர் ராணியின் கதையில் வரும் ஓர் இடம். தூக்கம் வராத ராஜா, தன் ஆட்சியில் நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் நடபடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்கிறான். வாசிக்க வாசிக்க, மொர்தெகாய் என்பவன் செய்த நன்மை வெளியே வருகிறது. அவனுக்காக ஐம்பது முழத் தூக்குமரம் நட்டுவைத்த ஆமானின் சரிவு அங்கேதான் தொடங்குகிறது. வாளும் இல்லை, படையும் இல்லை; யாரோ ஒரு எழுத்தர் ஒழுங்காக எழுதிவைத்த ஒரு பக்கம். அதைப் படிக்கும்போதெல்லாம் மெக்கானிக்குக்குப் புல்லரிக்கும்.

விசாரணை முடிய நான்கு நாள் இருக்கையில் வாசிப்பு அட்டவணையில் அந்தப் பகுதியே வந்தது. அவர் எழுதிய தாள் இதுதான்: ‘ராஜா நடபடிப் புத்தகத்தை வாசிக்கக் கேட்டான். நம் சபையிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. அது ஒழுங்காக நிரப்பப்படுகிறதா? சபையார் கேட்க அது வாசிக்கப்பட்டது எப்போது?’

தாளில் பொய் ஒன்றும் இல்லை. கடைசி இரண்டும் கேள்விகள். தூண்டிலில் புழு மட்டும் வெளியே தெரிந்தது.

ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் செயலாளர் எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“வேலையில் ஒழுங்கில்லாதவங்க அடுத்தவங்க ஒழுங்கைப் பத்தி எழுதுறாங்க. பரவாயில்ல. பாஸ்டர், ரெண்டு நிமிஷம் கொடுங்க.” பீரோவைத் திறந்து பதிவேட்டைக் கொண்டுவந்தார். “ஒரு வாரம் விட்டிருக்கா? ஒரு கையெழுத்து குறைஞ்சிருக்கா? எல்லாரும் கேளுங்க!”

தேதி தேதியாக வாசித்தார். மெக்கானிக் தொடையில் கைகளை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கம் புரண்டது. விபத்துக்கு முந்தின ஞாயிறு வந்தது.

“வாசிச்சவர், இதோ, நம்ம கேள்வி நாயகர்தான்! ஏறின நேரம் ஒன்பது இருபத்தாறு. இறங்கினது ஒன்பது முப்பத்தெட்டு. கையொப்பம், நான்.” நிமிர்ந்து பார்த்தார். “போதுமாப்பா?”

“ரொம்ப போதுங்க ஐயா. தப்பா நினைச்சுட்டேன். அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் கொடுத்தீங்கன்னா என் பைல்ல வெச்சுக்குவேன். இனிமே கேள்வி கேட்கத் தோணாது.”

சபை கொல்லென்று சிரித்தது. “கல்யாணத்தன்னைக்கே தாலிக்கு ரசீது கேட்டிருப்பாரு” என்றது பின்வரிசை. செயலாளருக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. அலுவலக அறையில் நகல் எடுத்து, ‘உண்மை நகல்’ என்று தம் கையாலேயே எழுதி, முத்திரை குத்தி, கையொப்பத்தின் வாலை வழக்கத்தைவிட நீளமாக இழுத்துக் கொடுத்தார். மெக்கானிக் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை, மருத்துவமனையின் மேல்மாடி விசாரணை அறையில் அதிகாரி, மேலாளர், மெக்கானிக் மூவருக்கும் நடுவே ஒரு மேசை. ஊன்றுகோலோடு வந்த ஆயா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் பராமரிப்புத் தாளின் நகலையும் பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் அதிகாரியின் முன் அருகருகே வைத்து, விளிம்புகளைச் சரிசெய்தார்.

அதிகாரி முதல் தாளைத் தொட்டார். “இது உங்க கையெழுத்தா?”

“ஆமா மேடம்” என்றார் மேலாளர்.

“அதே ஞாயித்துக்கிழமை, அதே ஒன்பதரை. ஆத்துக்கு அந்தக் கரையில, ஆலயத்துல. இதுவும் உங்க கையெழுத்துதானா?”

மேலாளர் இரண்டாம் தாளைக் கையில் எடுத்து, தம் கையொப்பத்தின் நீண்ட வாலைப் பார்த்தார். நெற்றியில் ஊறிய வேர்வை மூக்கு நுனிக்கு இறங்கும்வரை மெக்கானிக் பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகளில் இவ்வளவு நிம்மதியாக அவர் எதையும் பார்த்ததில்லை.

நடைக்கூடத்தில் மேலாளர் அவர் கையைப் பிடித்தார். “நாம ஒரே சபை. எனக்கும் குடும்பம் இருக்கு. ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு நீயே எழுதினியே...”

“எழுதினேன் சார். நகல் இருக்கு. வேணுமா?”

ஆயா ஊன்றுகோலை ஊன்றிப் படியருகே வந்து நின்றாள். “உன்னைத் திட்டினது தப்பு, அண்ணே. ஆனா அவன் மூஞ்சி கறுத்ததுல என் கால் நேராயிடுச்சா?” லிப்டுகள் இன்னும் ஓடவில்லை. மெக்கானிக் அவள் தோளைத் தாங்கி நாற்பத்திரண்டு படிகள் இறக்கிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவர் ஆமானின் தூக்குமரத்தைப் பற்றி ஒரு தாள் எழுதினார். “செத்த பாம்பை அடிக்கிறீங்க” என்றாள் மனைவி. “பாம்பு செத்ததுக்கு இன்னும் சான்றிதழ் வரல” என்று சொல்லிவிட்டு, நான்கு குண்டூசிகளையும் தலைவரை அழுத்திக் குத்தினார்.

ஞாயிறன்று முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. போதகர் பதிவேட்டையும் சாவியையும் மெக்கானிக்கின் மடியில் வைத்து, “இனி நீங்க பாருங்க” என்றார். அன்று வாசிப்பு அவர் மனைவியின் முறை. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பிப் போனவள், மூச்சு வாங்க மேடை ஏறினாள். மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடத் தாமதம். மேடையிலிருந்து அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவின் மூடியைத் திருகித் திறந்து, உள்ளபடியே எழுதினார்.