இரண்டாவது பிரேக்

பேருந்தில் உட்கார்ந்தாலும் எங்கள் அத்தானின் வலது கால் சும்மா இருக்காது. ஓட்டுநர் வளைவில் கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், முன்னால் இருப்பவரின் செருப்பை மிதித்துவிடுவார். "மன்னிக்கணும், பழக்கதோஷம்!" கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவருக்கு எப்போதும் பக்கத்து இருக்கை. அங்கே அவர் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக் உண்டு.

என் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தவரும் இவர்தான். பின் இருக்கையில் காவலுக்கு நான். அக்கா பூனைக்கும் வண்டியை நிறுத்துவாள், பூனையின் நிழலுக்கும் நிறுத்துவாள். "ஏம்மா, வண்டி என்ன உன்னைக் கடிச்சிடுமா?" என்று சிரிப்பார். கடைசி நாளன்று கால்களை இருக்கைக்கடியில் இழுத்து, கணுக்கால்களைப் பின்னிக்கொண்டு, "காலை எடுத்துட்டேன். இனி நீதான்" என்றார். எல்லா மாணவர்களுக்கும் அதுதான் பட்டமளிப்பு விழா. அக்கா மட்டும் அதற்கப்புறமும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் சந்தேகப்பட்டுக் கல்யாணமே பண்ணி வைத்துவிட்டார்கள். அடடா, என்ன நாட்கள் அவை! அக்கா இன்று இருந்திருந்தால் இப்போது கிளம்பியிருக்கும் ஸ்கேன் விவகாரத்தை ஒரே அதட்டலில் முடித்திருப்பாள்.

அத்தானின் அண்ணனும் அதே பள்ளியில்தான் இருந்தார். ஒரு காலை, பக்கத்து இருக்கையிலேயே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்த மாணவன் சுவரில் மோதித்தான் வண்டியை நிறுத்தினான். பையன் பிழைத்தான், அண்ணன் போய்விட்டார். அன்று முதல் அத்தான் கொழுப்பு மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை.

இப்போது டாக்டர், "இதயத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். மாத்திரை எப்படியும் தொடரணும். அளவைக் கூட்டணுமான்னு வேணா தெரியும். எடுத்தே ஆகணும்னு இல்ல, முடிவு உங்களோடது" என்று பந்தை இவர் பக்கம் தள்ளிவிட்டார்.

அத்தானின் மகள் கெஞ்சினாள். இவர் நழுவினார். "குழாய்ல அடைப்புன்னு வந்துட்டா என்னை யாரும்மா பக்கத்து சீட்ல உக்கார வைப்பாங்க? வீட்ல உக்காந்து விட்டத்தைப் பாக்கச் சொல்றியா?" எனக்கும் அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அந்த இருக்கையை விட்டால் அக்காவோடு இருந்த காலமும் கைவிட்டுப் போகும் என்று மனிதர் பயந்தார்.

பிறகு ஒரு மாலை போன் செய்தார். "மச்சான், இன்னிக்கு ஒரு பொண்ணு ஓட்டுச்சு. அப்படியே உங்க அக்கா மாதிரி, தொட்டதுக்கெல்லாம் பயம். 'நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் சார் தைரியமே'ன்னுச்சு. எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. அண்ணன் ஞாபகம். ஸ்கேனுக்கு நாள் வாங்கிடு."

நானும் மகளும் ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். அத்தான் படுத்திருந்த மேசை நகர்ந்து இயந்திரத்துக்குள் போகத் தொடங்கியதும் அவருடைய வலது கால் விறைத்து அழுந்தியது.

"ஐயா, ஆடாதீங்க" என்று மைக்கில் சொன்னாள், ஸ்கேன் எடுக்கும் பெண்.

"மன்னிக்கணும், பழக்கதோஷம்!"

மறுபடி நகர்ந்தது. மறுபடி மிதித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு மைக் அருகே குனிந்தாள்.

"அப்பா, இங்க உங்களுக்கு பிரேக் இல்லப்பா."

மேசை மூன்றாம் முறை நகர்ந்தது. அத்தான் மெல்லக் கணுக்கால்களைப் பின்னிக்கொண்டார்.